ஸ்தெபானின் அரம்

நீழ்னி நோவ்கரத்,
2 மார்ச் 2003

அன்புள்ள கிளேப்,

‘மதிப்புக்குரிய கிளேப் அனத்தோலியெவிச்’ என்று தொடங்கி மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஐந்து வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து என் டப்பாவிலிருந்த முட்டைக்கோஸ் அடைத்த பிரோக் ரொட்டியைத் திருடித் தின்றவனை ‘நீங்கள்’ என்று எழுத என் பேனாவுக்குத் தெரியவில்லை. நான்தான், பாலிமர் ஆய்வகத்து ரீம்மா லுக்கீனிச்னா. நீ என்னை மறந்திருக்க மாட்டாய். மறக்க விரும்பியிருப்பாய்.

சுற்றி வளைத்தால் இதையும் கிழித்துவிடுவேன், அதனால் நேராகச் சொல்கிறேன். நம் ஆய்வகத்தின் காந்தம் பொய். 1993 நவம்பரில் என் கையில் உண்டாகி, பத்திரிகைகளில் அச்சாகி, நம் ஆய்வகத் தலைவர் ஃபியோதர் யெவ்ஸேயிச்சை மேடை மேடையாக ஏற்றிய அந்தக் காந்தப் பாலிமர் ஒரு நாள்கூட உண்மையாக இருந்ததில்லை. அடுத்த ஏப்ரலில் அதே காந்தத்தை உன்னால் கொண்டுவர முடியவில்லை என்று உன்னை விரட்டினார்கள். அப்போது அது பொய் என்று எனக்குத் தெரியும்.

எழுதிவிட்டேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். வெளிநாட்டில் இரண்டு ஆய்வகங்கள் ‘நீங்கள் எழுதியபடியே செய்தோம், காந்தம் வரவில்லை’ என்று கடிதம் போட்டிருக்கின்றன. மே 20-ஆம் தேதி மாஸ்கோவிலிருந்து ஒரு குழு வருகிறது. அவர்கள் கண்முன்னே நான் என் கையால் மாதிரியைத் தயாரித்துக் காட்ட வேண்டும். புது இயக்குநர் பொருளாதாரம் படித்தவர். என்னைக் கூப்பிட்டு, “எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கம்மா, இரும்பு இருக்கிற பொருளைக் காந்தம் இழுக்கறதுல என்ன அதிசயம்?” என்று கேட்டார். “உங்க ரத்தத்துலயும்தான் இரும்பு இருக்கு. நெஞ்சுல காந்தத்தை வச்சா ஒட்டிக்குதா?” என்றேன். ரெண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே வெண்ணெய் மாதிரி ரெண்டு வளையத்துக்கு நடுவே ஒரு இரும்பு அணு, அதை ஆயிரக்கணக்கில் கோத்தால் இந்தப் பாலிமர், அதிலிருக்கும் இரும்பு அடங்கி ஒடுங்கி இருக்கும், காந்தத்தை ஏறெடுத்தும் பார்க்காது என்று விளக்கினேன். “அப்ப உங்களோடது மட்டும் எப்படி பார்க்குது?” என்றார். பொருளாதாரக்காரர் கேட்கிற கேள்வியை இத்தனை வருடமாக ஒரு வேதியியல்காரரும் என்னைக் கேட்கவில்லை.

அவர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் எனக்கே தெரியாது. ஆனால் சொல்வதானால் முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும். முகவரியைப் பணியாளர் பிரிவில் கெஞ்சி வாங்கினேன்.

ரீம்மா


கினெஷ்மா,
14 மார்ச் 2003

ரீம்மா லுக்கீனிச்னா,

உங்கள் கடிதத்தை என் மனைவி பிரித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்குக் கடிதம் வருவதே மின்வாரியத்திலிருந்துதான், அதனால் அவளைக் குறை சொல்ல முடியாது. நான் வேலையிலிருந்து வந்தபோது சூப் கொதித்துக்கொண்டிருந்தது, அவள் கரண்டியும் கடிதமுமாக நின்றாள்.

“யாரு இந்த ரீம்மா? எந்தக் காந்தம்? யாரு உன்னை விரட்டினது? ஆள் குறைப்புன்னுதானே சொன்ன?”

லீதாவை நான் கல்யாணம் செய்தது இங்கே வந்த பிறகு. ஆய்வகத்தில் ஆள் குறைத்தார்கள், திறமைசாலிகளைத்தான் முதலில் அனுப்பினார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். விருந்தாளிகளிடம் அவள் அதைப் பெருமையாகச் சொல்வாள். நான் ஊறுகாய் வெள்ளரிக்காயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? “அது ஒரு கிழவி, மூளை குழம்பிப் போச்சு.” உங்களைப் பைத்தியமாக்கிவிட்டு அந்தச் சூப்பைக் குடித்தேன்.

இனிமேல் வீட்டுக்கு எழுதாதீர்கள். எழுதவே வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் நான்கு நாளாகப் பெயின்ட் தொழிற்சாலைக் கிடங்கில் டப்பா எண்ணும்போதெல்லாம் ஒரே கேள்வி வந்து நிற்கிறது. பொய் என்றால் எப்படிப் பொய்? அந்தத் தூள் காந்தத்துக்குத் தாவியதை நானே பார்த்தேன். எல்லோரும் பார்த்தோம்.

கிடங்கு முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது.

கி. வெதோஷ்கின்


நீழ்னி நோவ்கரத்,
23 மார்ச் 2003

கிளேப்,

பைத்தியம் என்று சொன்னதற்கு நான் கோபப்படவில்லை. பைத்தியமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எப்படி என்று கேட்டாய். ஓர் அரத்தால்.

அந்த நவம்பர் உனக்கு நினைவிருக்கும். வெப்பக் குழாய்கள் சில்லிட்டிருந்தன, கோட்டோடு வேலை செய்தோம். என் முதல் நல்ல மாதிரி அப்போதுதான் வந்தது. மூலப்பொருளான சிவப்புப் படிகம் குழாயில் உருகி, இறுகி, தேன் நிறத்தில் கட்டியாக நின்றது. காந்த அளவிக்குத் தூள் வேண்டும், அந்த மெல்லிய குழாயில் கட்டி நுழையாது. அகேட் கல் உரலில் போட்டு இடித்தேன், அது ரப்பர் மாதிரி நசுங்கியதே தவிர உடையவில்லை. திரவ நைட்ரஜனில் உறைய வைத்தால் உடையும். ஆனால் நம் நைட்ரஜன் இயந்திரம் கெட்டுக் கிடந்தது. மறுநாள் காலை ஃபியோதர் யெவ்ஸேயிச் அளவைக் கேட்பார். என் கணவர் ஸ்தெபானின் கராஜிலிருந்து ஓர் அரத்தை எடுத்து வந்து அந்தக் கட்டியை அராவினேன். ஐந்து நிமிடத்தில் தூள்.

இரும்பு ஆயுதம் மாதிரியில் படக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். பதிவேட்டில், ‘அகேட் உரலில் அரைக்கப்பட்டது’ என்று எழுதினேன். ஏனென்றால் அங்கே எப்போதும் அதைத்தான் எழுதுவோம். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. செய்முறை என்ன சொல்கிறதோ அதை எழுதினேன், செய்தது வேறு.

மறுநாள் தூள் தாவியது. ஃபியோதர் யெவ்ஸேயிச் என் இரண்டு கையையும் பிடித்து எல்லோர் முன்னாலும் முத்தமிட்டார். “தங்கக் கை! இந்தக் கையைக் கண்ணாடிப் பெட்டில வச்சுக் காப்பாத்தணும்!” என்றார். நீயும் கை தட்டினாய்.

வேறு எந்தப் பொருளில் அரத்தின் இரும்புத்தூள் விழுந்திருந்தாலும் பகுப்பாய்வு காட்டிக்கொடுத்திருக்கும். இதில் இரும்பு இருக்கத்தான் வேண்டும். அரை சதவீதம் கூடினால் யார் கண்ணில் படும்? இப்படி ஒரு தப்பு நம் ஆய்வகத்தில் மட்டும்தான் ஒளிந்துகொள்ள முடியும்.

1994 பிப்ரவரியில் எனக்குச் சந்தேகம் வந்தது. நீ மாதக்கணக்கில் முயன்று ஒன்றுமே வராமல் கண்ணெல்லாம் சிவந்து திரிந்தாய். ஒரு நாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது தேவாலயத்து மெழுகுவத்தி ஒன்றை அதே அரத்தால் அராவி, காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். மெழுகு தாவியது, கிளேப். மெழுகு!

சாளரத்தைத் திறந்து அதை ஊதிவிட்டேன். பிறகு போய்ச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாதிரியையும் நானேதான் தயாரித்தேன். ‘ரீம்மா கைக்குத்தான் வரும்’ என்பது வழக்கமாகிவிட்டது. அந்த அரம் என் இழுப்பறையில் கம்பளிச் சாக்ஸுக்குள் இருக்கிறது. பக்கத்து கராஜ் கோல்யாதான் அதைத் திருடிவிட்டதாக ஸ்தெபான் இன்றைக்கும் சண்டை போடுகிறார்.

ரீம்மா


கினெஷ்மா,
9 ஏப்ரல் 2003

ரீம்மா லுக்கீனிச்னா,

இரண்டு வாரம் பதில் எழுதவில்லை, எழுதியிருந்தால் அச்சில் ஏறாத வார்த்தைகளாக வந்திருக்கும். இதிலும் வரலாம்.

பதிவேடு அகேட் உரல் என்றது. நான் பதிவேட்டை நம்பினேன். மருத்துவக் கல்லூரியில் திரவ நைட்ரஜன் கேட்டு வாங்கி, தெர்மாஸில் ஊற்றி, ட்ராமில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். புகை வருவதைப் பார்த்து ட்ராமில் ஒரு அம்மாள், “ஏம்ப்பா, மடில பிசாசையா கொண்டு போற?” என்று கேட்டாள். படிகத்தை இரண்டு முறை ஆவியாக்கிப் படியவைத்துச் சுத்தம் செய்தேன். குழாயின் காற்றை உறிஞ்சி, வாயை உருக்கி மூடி, அடுப்பில் வைத்து, கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நிற்பேன். ரத்தச் சிவப்பாக உருகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தேன் நிறமாகும். பிறகு குழாயைக் கவிழ்த்தாலும் நகராது. பதினொரு முறை. ஒன்றுகூடப் பிசகவில்லை. பதினொன்றும் காந்தத்துக்குப் பக்கத்தில் செத்தது போலக் கிடந்தன.

ஃபியோதர் யெவ்ஸேயிச் என்ன சொன்னார், கேட்டீர்கள் அல்லவா? “ரீம்மா கையைப் பாரு, உன் கையைப் பாரு. இந்தக் கையை வச்சுக்கிட்டு நீ தபால் ஆபீஸ்ல முத்திரை குத்தப் போ.” நான் என் கையைப் பார்த்தேன். அவர் சொல்வது சரி என்று பட்டது.

பன்னிரண்டாவது குழாயைப் பற்றி உங்களுக்கும் தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். ரேடியோ பிரிவிலிருந்து மெல்லிய இரும்புத்தூள் கத்திமுனை அளவு எடுத்து வந்து கலந்தேன். அறியாமல் இல்லை, அவசரத்திலும் இல்லை. பல் தேய்த்து, சட்டை மாற்றி, தெளிவாக யோசித்துக் கலந்தேன். கருத்தரங்கில் அவர் சந்தேகப்பட்டு அதில் கொஞ்சத்தை அமிலத்தில் போட்டார், தனி இரும்பு இருந்தால் குமிழி வரும். குமிழி வந்தது. இருபது பேரும் குமிழியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

நீங்கள் ஒருவர்தான் தரையைப் பார்த்தீர்கள். என்மேல் இரக்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள் என்று நினைத்தேன். ஒன்பது வருடமாக அதை நன்றியோடு நினைத்துக்கொண்டிருந்தேன், ரீம்மா லுக்கீனிச்னா. இருபது பேரில் ஒருவராவது மனுஷி என்று.

வேலை போனது பெரிதில்லை, அப்போது யாருக்குத்தான் போகவில்லை? ஏமாற்றுக்காரன் என்ற பெயரும் நான் சம்பாதித்ததுதான். ஆனால் அதற்குப் பிறகு நான் ஒரு குடுவையைத் தொட்டதில்லை. இங்கே தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் இரண்டு முறை கூப்பிட்டார்கள். என் கை சரியில்லை, கிடங்கே போதும் என்றேன். வீட்டில் டீயைக்கூட லீதாதான் ஊற்றுகிறாள், நான் ஊற்றினால் சிந்திவிடும் என்று நானே சொல்லிச் சொல்லி அவளை நம்ப வைத்திருக்கிறேன். இல்லாத ஒன்றை என்னால் செய்ய முடியவில்லை என்பதற்காக என் கையை நானே வெட்டிப் போட்டுவிட்டேன்.

நீங்கள் மன்னிப்பு என்ற சொல்லை இதுவரை எழுதவில்லை. நல்லது, எழுதாதீர்கள்.

கிளேப்


நீழ்னி நோவ்கரத்,
20 ஏப்ரல் 2003

கிளேப்,

தரையைப் பார்த்தேன். ஆமாம். என் காலுக்குக் கீழே அந்த லினோலியத் தரைவிரிப்பில் ஒரு கிழிசல் இருந்தது, பூனைத் தலை மாதிரி. இப்போதும் இருக்கிறது. தினமும் அதை மிதிக்காமல் தாண்டிப் போகிறேன்.

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். ஸ்தெபான் வெளியே கதவைத் தட்டி, “என்னடி, உள்ளயே குடித்தனம் பண்றியா?” என்று கத்தினார். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதை உன் இரக்கத்துக்காக எழுதவில்லை. அழ எனக்கு என்ன உரிமை என்று அப்போதே வெட்கமாகத்தான் இருந்தது.

ஏன் பேசவில்லை என்பதற்கு முதலில் ‘பயம்’ என்று எழுதி அடித்துவிட்டேன், மேலே அந்தக் கறுப்புத் திட்டு அதுதான். பயம் இல்லை. எனக்குப் பட்டம் கிடையாது. முப்பது வருடம் குடுவை கழுவினேன், அறிஞர்களின் கோட்டை ஆணியில் மாட்டினேன். ஒரே நாளில் எல்லோரும் என் கையைப் பார்க்க வந்தார்கள். மாஸ்கோவிலிருந்து ஒருவர் வந்து என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அதை விட மனம் வரவில்லை. உன் கையைக் கொடுத்து என் கைக்குப் பெயர் வாங்கினேன். இதைவிடக் கேவலமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். உன் குழாய்களை நீ குப்பையில் போட்டாய். நான் அதே மாலையில் பொறுக்கி எடுத்தேன். பதினொன்றிலும் பாதிப் பாதி மிச்சம் இருந்தது. உன் கையெழுத்தில் ‘தோல்வி 1’, ‘தோல்வி 2’ என்று ஒட்டியிருந்தாயே, அப்படியே ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு உலர்த்தும் அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். போன மாதம் உன் முதல் கடிதம் வந்த பிறகு, பாலிமர்ச் சங்கிலியின் நீளத்தை அளக்கும் கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் யாருடையது என்று சொல்லாமல் கொடுத்தேன். அவர் என்னைக் கூப்பிட்டு, “ரீம்மா, இதை யாரு செஞ்சது? உங்களோடது இல்லையே, உங்களோடது இவ்ளோ சுத்தமா வராதே” என்றார். பத்தாம் எண் குழாயில் சங்கிலி நான் செய்த எதையும்விட மூன்று மடங்கு நீளம். நீ தோல்வி என்று எழுதிய பதினொன்றும்தான் இந்த ஆய்வகத்தில் செய்த உண்மையான பாலிமர்.

இனி மே 20. ஃபியோதர் யெவ்ஸேயிச்சுக்கு எழுபத்தைந்து ஆகிறது. குளிர்காலத்தில் படியில் விழுந்து இடுப்பு பிசகிவிட்டது. மார்ச் எட்டாம் தேதி மகளிர் தினத்தன்று கைத்தடியோடு வந்து எனக்கு மிமோசாப் பூங்கொத்து கொடுத்தார். “குழு வரட்டும், நீங்க இருக்கிற வரைக்கும் எனக்கென்ன கவலை?” என்றார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, கிளேப். என்னை நம்பியவர். நான் வாயைத் திறந்தால் அவருக்கு மிஞ்சுவது ஒன்றும் இல்லை. அரத்தை எடுத்தால் காந்தம் வரும், எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். உரலை எடுத்தால் வராது.

நீ என்ன சொல்கிறாய்? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

ரீம்மா


கினெஷ்மா,
2 மே 2003

ரீம்மா லுக்கீனிச்னா,

நான் சொல்கிறபடி செய்வீர்களா? ‘பேசுங்கள்’ என்றால் கிழவரைக் கொன்றது கிளேப் ஆகிவிடும். ‘பேசாதீர்கள்’ என்றால் கிளேபே பெருந்தன்மையாக விட்டுவிட்டான் என்று நிம்மதியாகத் தூங்குவீர்கள். முதல் கடிதத்திலிருந்தே நீங்கள் என்னிடம் கேட்பது இந்த அனுமதியைத்தான். தர மாட்டேன். அரத்தை எடுத்தது நீங்கள். வைப்பதா வேண்டாமா என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் போன வாரமே தீர்ந்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது வேறு ஒன்று. ‘பதினொன்றும் உண்மையானது’ என்று நீங்கள் எழுதியதைக் கிடங்கில் நின்றபடி படித்தேன். உடனே சந்தோஷம் வரவில்லை, வெட்கம் வந்தது. சரியாகச் செய்த பதினொன்றை எறிந்துவிட்டு, தப்பாகச் செய்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு கருத்தரங்குக்குப் போனவன் நான். என்னை யாரும் கையைப் பிடித்துச் செய்ய வைக்கவில்லை.

லீதாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மறுபடி அதே கதை. “எங்க கிளேப் மாதிரி ஆளையெல்லாம் வச்சுக்க அவங்களுக்குக் குடுத்து வைக்கல” என்றாள். நான் வெள்ளரிக்காயைப் பார்த்தேன். உங்களுக்கு லினோலியம், எனக்கு வெள்ளரிக்காய்.

கிளேப்


நீழ்னி நோவ்கரத்,
24 மே 2003

கிளேப்,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்து பேர் வந்தார்கள். தலைவர் ஓர் அம்மாள், சிரிக்கவே தெரியாதவர். ஃபியோதர் யெவ்ஸேயிச் இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டோடு சாளரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் பையில் அரம், உரல் இரண்டும் இருந்தன, காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூட நான் முடிவு செய்யவில்லை. இதையும் ஒத்துக்கொள்கிறேன். பூனைத் தலைக் கிழிசலுக்கு நேராக அவர்கள் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் நிற்பதற்கு அதன்மேல் தவிர வேறு இடம் இல்லை. அதன்மேலேயே நின்றேன்.

உரலை எடுத்தேன். கட்டியைத் திரவ நைட்ரஜனில் முக்கி, உடைத்து, அரைத்துக் குழாயில் இட்டு, காந்தத்தைக் கொண்டுபோனேன். ஒரு துகள் அசையவில்லை.

“பரவால்ல ரீம்மா, மறுபடி செய்ங்க, ஒண்ணும் அவசரமில்ல” என்றார் ஃபியோதர் யெவ்ஸேயிச். “காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா? யாராவது அவங்களுக்கு ஒரு டீ குடுங்க.”

திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். சாக்ஸிலிருந்து அரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பையில் கொண்டுவந்திருந்த மெழுகுவத்தியைப் பக்கத்தில் வைத்தேன். ஒரு தாளை விரித்து, மெழுகை அராவி, காந்தத்தை மேலே பிடித்தேன். மெழுகுத் தூள் எழும்பி ஒட்டிக்கொண்டது.

ஃபியோதர் யெவ்ஸேயிச் தடியை ஊன்றி எழுந்து வந்து, அரத்தை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது என்ன நம்பர் அரம்?”

“தெரியாது ஃபியோதர் யெவ்ஸேயிச். ஸ்தெபானோடது.”

“எப்பலேர்ந்து?”

“முதல் நாள்லேர்ந்து.”

“எல்லாமேவா?”

“எல்லாமே. நான் செஞ்சது எல்லாமே.”

அவர் வெகுநேரம் அரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அப்ப அந்தப் பையன்...” என்றார். உன் பெயர் அவருக்கு நினைவு வரவில்லை. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது எனக்கு.

“கிளேப் வெதோஷ்கின். அவன் செஞ்சது பதினொண்ணும் சரி. இதோ இருக்கு” என்று பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.

“பன்னிரண்டாவது?”

“பன்னிரண்டாவதுல இரும்பு போட்டான். நாமதான் போட வச்சோம்.”

அவர் அரத்தை மேசையில் வைத்துவிட்டார். கிளம்பும்போது மழைக்கோட்டின் கைக்குள் அவர் கை நுழையவில்லை. உதவிக்குப் போனேன். “வேணாம், ரீம்மா லுக்கீனிச்னா” என்றார். என் கையை அவர் வேண்டாம் என்றது அன்றைக்குத்தான். அவர் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கும் சத்தம் கீழ்க்கதவு சாத்தும் வரை கேட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்க மறுநாள் போனேன். கதவைத் திறக்கவில்லை.

தலைவர் அம்மாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைகளில் வரும். உன் குழாய்களை அளந்து, உன் பெயரோடு அறிக்கையில் சேர்த்திருக்கிறார். “இவர் இப்ப எங்க இருக்கார்?” என்று கேட்டார். பெயின்ட் கிடங்கில் டப்பா எண்ணுகிறார் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. நான் ஜூன் முதல் தேதியிலிருந்து வேலையில் இல்லை. அது சரிதான்.

அரத்தை அவர்கள் சாட்சிப் பொருளாக வாங்கிக்கொண்டார்கள். ஸ்தெபானிடம் அன்றைக்கே சொன்னேன். “அடிப்பாவி! பத்து வருஷமா கோல்யாவைத் திருடன்னு ஊர் பூரா சொல்லிட்டிருக்கேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். உடனே ஒரு பாட்டில் வோட்காவும் கருவாடும் எடுத்துக்கொண்டு கோல்யா கராஜுக்குப் போனார். இரண்டு பேரும் தோளில் கை போட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வந்தார்கள். மன்னிப்புக் கேட்பது சிலருக்கு அவ்வளவு எளிது. நான் சாளரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் குழாய்கள் பதினொன்றையும் பஞ்சில் சுற்றித் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். எழுதாதீர்கள் என்று நீ சொன்ன அந்தச் சொல்லை உனக்கு நான் எழுதவில்லை.

ரீம்மா


கினெஷ்மா,
8 ஜூன் 2003

ரீம்மா லுக்கீனிச்னா,

பார்சல் வந்தது. ஒன்றுகூட உடையவில்லை. பொட்டலம் கட்டுவதில் உங்கள் கை உண்மையிலேயே நல்ல கை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறையில் பத்தாம் எண்ணை உடைத்தேன். கண்ணாடியை எப்படிக் கீறி உடைப்பது என்று எனக்கு நினைவில்லை, விரலுக்கு நினைவிருந்தது. சட்டியில் சூரியகாந்தி எண்ணெயைக் காய்ச்சி, அதில் ஒரு சோதனைக்குழாயை நிறுத்தி, உள்ளே அந்தத் தேன் நிறத் துண்டைப் போட்டேன். லீதா வந்து பார்த்தாள்.

“பிளினி சுடற சட்டில என்ன கண்ராவி பண்ற?”

“உக்காரு, சொல்றேன்” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அரம், அகேட் உரல், பதினொன்று, பன்னிரண்டு, அமிலம், குமிழி. ஆள் குறைப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை என்பதையும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், முடியவில்லை, எண்ணெயைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். முடித்த பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்.

“இத்தனை வருஷமா விருந்தாளிங்க முன்னாடி நான் பேசறப்ப எல்லாம் நீ என்னப்பா நெனச்சிட்டு இருந்த?”

அதற்குள் துண்டு இளகிவிட்டது. தீக்குச்சியை முக்கி இழுத்தேன். இழை வந்தது. முடியைவிட மெல்லியது, பொன் நிறம். “இதைப் பிடி” என்று குச்சியை அவள் கையில் கொடுத்தேன். பிடித்தாள். கோபத்தோடுதான் பிடித்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் அடுப்பிலிருந்து பின்னாலேயே நடந்தேன், சாளரம் வரை, இழை அறுபடவில்லை. ஒரு முனையில் அவளும் ஒரு முனையில் நானும் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு, “கை வலிக்குது, போதும்” என்றாள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து இழைக்குப் பக்கத்தில் காட்டினேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அன்று மாலை டீக் கெண்டியை என் பக்கம் தள்ளி, “நீயே ஊத்து” என்றாள். சிந்தாமல் ஊற்றினேன்.

தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் போய்க் கேட்டேன். இலையுதிர்காலத்தில் இடம் வரும் என்றார்கள்.

நீங்கள் எழுதாத அந்தச் சொல்லுக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஒரு நாள் வரலாம். வராமலும் போகலாம், காத்திருக்காதீர்கள்.

வேறொன்று கேட்கத்தான் எழுதுகிறேன். பார்சல் வந்த அன்றே பஞ்சைப் பிரித்துக் குழாய்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிறுத்தி எண்ணினேன். பதினொன்று. குப்பையிலிருந்து நீங்கள் பொறுக்கிய அன்றைக்குப் பன்னிரண்டாவதும் அங்கேதான் கிடந்தது, உங்களுக்கு எதையும் விட்டுவைக்கத் தெரியாது. அது உங்களிடம் இருக்கிறது. என்மேல் இரக்கப்பட்டு அதை மட்டும் எடுத்து ஒளித்துவிட்டீர்கள், அன்றைக்குத் தரையைப் பார்த்த மாதிரி.

அப்படிச் செய்யாதீர்கள். அதையும் அனுப்புங்கள். அதுவும் இந்தக் கை செய்ததுதான்.

கிளேப்